உஷ் மேடம் எழுதிய முப்பத்தேழு விதிகள்

கால்பந்து ஆட்டத்தை ஒரு முறைகூட முழுசாகப் பார்க்காமல் அதற்கு முப்பத்தேழு விதிகள் எழுதிய ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் கல்லூரி லைப்ரரியன்தான். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் உஷ் மேடம். லைப்ரரிக்குள் எவனாவது மூச்சைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் போதும், ஏதோ ஒரு அலமாரிக்குப் பின்னாலிருந்து "உஷ்!" என்று வரும். ஆள் கண்ணில் படமாட்டார். கல்லூரியில் சேர்ந்த புதிதில், புத்தகங்களுக்கு நடுவே பாம்பு இருக்கிறது என்று நினைத்து நான் வாசல்வரை ஓடி வந்திருக்கிறேன்.

கல்லூரி திருப்பாலைவனத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் ரோட்டோரமாக இருந்தது. படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல நெல் விளைகிற ஊர்க்காரர்கள். மீதிப் பேர் ஏரியோரத்து மீன்பிடிக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். இரண்டு தரப்பும் பஸ்ஸில்கூடத் தனித்தனியாகத்தான் உட்காரும். கால்பந்து என்றால் மட்டும் ஒன்று சேரும். சேர்ந்து அடித்துக்கொள்ள அதைவிட வசதியான சாக்கு கிடையாது.

மழைக்காலம் வந்தால் எங்கள் மைதானம் ஏரியின் கிளை அலுவலகம் ஆகிவிடும். கோல்போஸ்ட்டுக்கு நடுவில் நாரை நிற்கும். அதனால் வராந்தாவில் ஆடுவோம். அந்த வருடம் அப்படி ஆடியபோது நோட்டீஸ் போர்டு கண்ணாடி உடைந்தது, பிறகு தண்ணீர்க் குழாய் உடைந்தது, கடைசியாக ஒரு நாள் பந்து முதல்வர் அறைக்குள் போய் அவருடைய சாம்பார் பாத்திரத்தில் இறங்கியது. மறுநாள் வெள்ளைச் சட்டையைக் கழுவி மாட்டிக்கொண்டு வந்த முதல்வர் ஸ்டாஃப் மீட்டிங் போட்டார்.

"இனிமே மழை முடியற வரைக்கும் பந்து ஆடறதுன்னா ஆடிட்டோரியத்துக்குள்ளதான். டிபார்ட்மென்டுக்கு ஒரு டீம், ஒழுங்கா ஒரு லீக். யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?"

விளையாட்டு ஆசிரியர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து உஷ் மேடம் கையைத் தூக்கினார். தலைக்கு மேல் ஓடிய ஃபேன் அவருடைய காகிதங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கச் சொல்லத்தான் தூக்கினார்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்!" என்றார் முதல்வர். மீட்டிங் முடிந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு பெயருக்கு நடத்தியிருப்பார்கள். இவர் நான்கு நாள் உட்கார்ந்து, கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்து, விதிகளை எழுதி, டைப் அடித்து, அட்டை போட்டு, முதுகில் நம்பர் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார். பிறகு டீம் கேப்டன்களைக் கூப்பிட்டார். எங்கள் காமர்ஸ் கேப்டன் குமரேசனோடு வைஸ் கேப்டன் என்ற முறையில் நானும் போனேன். மேஜை மேல் ஒரு புதுப் பந்து இருந்தது. அதில் ‘கல்லூரி நூலகம்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது.

"இது லைப்ரரி சொத்து. நாலு மணிக்கு ஒருத்தர் பேர்ல எடுத்துக்கணும், அஞ்சே காலுக்குத் திருப்பித் தரணும். ஆட்டம் நடக்கும்போது பந்து யார் பேர்ல இருக்கும்?" என்று கேட்டார்.

"யார் கால்ல இருக்கோ அவன் பேர்ல மேடம்" என்றான் குமரேசன்.

"காலுக்கெல்லாம் கார்டு கிடையாது."

அன்றைக்கே முதல் சண்டை. வெள்ளிக்கிழமை மாலை ஹால் எங்களுக்குத்தான் என்று ஆறு டீமும் நின்றது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கிடையாது என்பதால் பெண்கள் நிறையப் பேர் பார்க்க வருவார்கள் என்பதே காரணம். மேடம் மேஜை மணியை ஒரு தட்டுத் தட்டினார். அவரும் ஏரியோரத்துக் கிராமத்தில் பிறந்தவர்தான். கோபம் வந்தால்தான் அது பேச்சில் தெரியும்.

"இன்னாடா கத்தறீங்க? எங்க ஊர்ல ஏரியில எந்த எடத்துல யாரு வலை போடறதுன்னு சீட்டு எடுத்து முறை வெச்சிப்பாங்க. அதுக்குப் பேரு பாடு. இன்னிக்கி நல்ல எடம் கெடச்சவனுக்கு நாளைக்கி சுமாரான எடம். எங்க நைனா ஒண்ணுத்துக்கும் ஆவாத எடம் வந்த அன்னிக்கும் வாயைத் தொறக்க மாட்டாரு. எடுங்கடா சீட்டு!"

ஏரிக்கரைப் பையன்கள் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார்கள். அவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய சட்டம். நாங்களும் வேறு வழியில்லாமல் எடுத்தோம். மூன்று வருடத்தில் எவன் சட்டையும் கிழியாமல் முடிந்த முதல் தகராறு அதுதான்.

ஆடிட்டோரியம் கால்பந்துக்காகக் கட்டப்பட்டதல்ல. நடுவில் நான்கு தூண்கள். விதி ஒன்பது, தூண்கள் நடுநிலை வகிக்கும் என்றது. கூரையில் எட்டு மின்விசிறிகள். ஓடுகிற விசிறியில் பந்து பட்டால் அது விபத்து, ஓடாத விசிறியில் பட்டால் அது ஃபவுல் என்று ஒரு விதி. கெமிஸ்ட்ரி டீம் தங்களுடைய மாற்று ஆட்டக்காரனை சுவிட்ச் போர்டு பக்கத்திலேயே நிரந்தரமாக நிறுத்திவைத்தது. ஆஃப்சைடு உண்டா என்று நான் கேட்டபோது மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆஃப்சைடுன்னா இன்னான்னு நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் நாலு விதமா சொல்றாங்க. அவங்களுக்குள்ள ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் அந்த விதி நிறுத்தி வெச்சிருக்கு."

எல்லாவற்றிலும் கொடுமையானது விதி பதினொன்று. ஆடிட்டோரியத்துக்கு நேர் மேலே லைப்ரரி. ஆகவே ஆட்டத்தின்போது ஆடுபவரோ பார்ப்பவரோ சத்தம் போடக் கூடாது. கோல் விழுந்தால் இருநூறு பேரும் வாயை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்ட வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்ப்பவனுக்கு, உள்ளே எல்லோரையும் ஒரே சமயத்தில் குளவி கொட்டியது போலத் தெரியும். பாஸ் கேட்பதென்றால் பந்து வைத்திருப்பவன் காதருகே ஓடிப்போய்க் கேட்க வேண்டும். எதிர் டீம்காரனும் கூடவே ஓடி வந்து காதைக் கொடுப்பான்.

மேடமே ரெஃபரி. புடவையை இழுத்துச் செருகி, கேன்வாஸ் ஷூ போட்டு, விசிலுக்குப் பதிலாக மேஜை மணியை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார். ஃபவுல் என்றால் ‘டிங்’. பிறகு விசாரணை.

"வேணும்னு உதைச்சியா, தெரியாம உதைச்சியா?"

"தெரியாம மேடம்."

"அப்போ தெரிஞ்சுக்கற வரைக்கும் வெளிய உக்காரு."

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எதுவும் கிடையாது. புத்தகத்தில் ஒட்டுகிற தேதிச் சீட்டைக் கிழித்து, திரும்பி வர வேண்டிய தேதியை ‘டொக்’கென்று முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிடுவார். ஒரு பையனுக்குப் பொங்கல் கழிந்த மறுநாள் தேதி விழுந்தது. அவன் அழுதேவிட்டான். சத்தமில்லாமல்தான்.

ஆட்டம் எப்போது முடியும் என்பதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் இருட்டுவதற்குள் படகில் போய்ச் சேர வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் பழவேற்காடு பஸ் கேட்டில் வந்து ஹார்ன் அடித்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. இருக்கிற கோல்தான் முடிவு. பிஸிக்ஸ் டீமில் ஒருவனுடைய தாய்மாமன்தான் பஸ் டிரைவர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பிஸிக்ஸ் ஒரு கோல் முன்னால் இருந்த ஒரு நாள், வழக்கமாகத் தாமதமாக வருகிற பஸ் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே வந்து கேட்டில் நின்று அலறியது.

மறுநாளே புது விதி: டிரைவருக்கு உறவானவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஏரியோரத்தில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான். கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. மேடம் ஒரு முழு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு, அந்த விதியைக் கிழித்துப் போட்டார். ஹார்ன் செல்லாது, கண்டக்டரே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று மாற்றினார். கண்டக்டர் வந்தார். வந்தவர் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவரைத் தேடி டிரைவர் வந்தார், டிரைவரைத் தேடிப் பயணிகள் வந்தார்கள். மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த நான்கு அம்மாக்கள் மேடைப் படியில் உட்கார்ந்து விதிப்படி கையை ஆட்டினார்கள். பஸ் தாமதம் என்று ஒருவரும் புகார் சொல்லவில்லை. புகார் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் ஹாலுக்குள் இருந்தார்கள். மூன்றாம் நாள் மேடம் பழையபடி ஹார்னையே கொண்டுவந்தார்.

இப்படிச் சிரிப்பும் முணுமுணுப்புமாகப் போய்க்கொண்டிருந்த லீக், அரையிறுதியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஹிஸ்டரி டீமின் கோல்கீப்பருக்கு அம்மை போட்டிருந்தது. டீமில் வேறு ஆள் இல்லை. அவர்கள் எஸ்தரைக் கூட்டி வந்தார்கள். முகத்துவாரத்துப் பக்கத்துக் கிராமத்துப் பெண், இரண்டாம் வருடம். மேடம் அவளுடைய லைப்ரரி கார்டை வாங்கிப் பார்த்தார். திருப்பி இன்னொரு முறை பார்த்தார். பிறகு மணியைத் தட்டி ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார். பிஸிக்ஸ்காரர்கள் அடித்த பந்தில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

ஆட்டம் முடிந்து, எப்படிப் பிடிக்கிறாய் என்று நான் எஸ்தரைக் கேட்டேன்.

"எங்க அண்ணனுங்க மூணு பேரும் கரையில நின்னுகினு எனக்குத்தான் அடிப்பானுங்க. உட்டேன்னா பந்து தண்ணிக்குள்ள பூடும். நான்தான் எறங்கி எடுத்தாரணும். பாவாடை நனைஞ்சா அம்மாகிட்ட ஒதை. அதான் உடறதில்ல" என்றாள்.

இறுதி ஆட்டம் ஹிஸ்டரிக்கும் எங்களுக்கும். குமரேசனுக்குத் தூக்கம் போய்விட்டது. "பொண்ணு நின்னா நாம எப்படிடா இடிச்சு ஆடறது? மனு எழுது" என்றான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுதினேன். மரபு, கண்ணியம், பாதுகாப்பு என்று கையில் கிடைத்த பெரிய சொற்களையெல்லாம் போட்டேன். அவள் நன்றாகப் பந்து பிடிக்கிறாள், எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்ற உண்மையை மட்டும் எழுதவில்லை.

மேடம் மனுவை நிதானமாகப் படித்தார். சிவப்பு மையில் மூன்று சந்திப்பிழைகளைத் திருத்தினார். "விதி நாலு. லைப்ரரி கார்டு வெச்சிருக்கற, திருப்பித் தர வேண்டிய புஸ்தகம் எதுவும் இல்லாத எந்த மாணவரும் ஆடலாம். எஸ்தருக்கு பாக்கி இல்லை. உன் கார்டைக் காட்டு குமரேசா."

குமரேசன் முதல் வருடத்தில் எடுத்த ஒரு புத்தகத்தைத் திருப்பித் தரவே இல்லை. தலைப்பு ‘குதிரை வளர்ப்பு’. எங்கள் பக்கத்தில் எவனும் குதிரை வளர்த்ததில்லை. எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. ‘டொக்’. புத்தகம் வரும்வரை குமரேசன் வெளியே. காமர்ஸ் டீமுக்கு நான் கேப்டன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. குமரேசனின் சித்தப்பா கல்லூரித் தாளாளருக்கு வேண்டியவர். தாளாளர் முதல்வருக்குப் போன் செய்தார். முதல்வர் மேடத்தைக் கூப்பிட்டார். அறைக் கதவு திறந்தே இருந்ததால் வராந்தாவில் நின்ற எங்கள் காதில் விழுந்தது.

"மேடம், நீங்க டெம்பரவரி போஸ்ட். ஜூன்ல ஆர்டர் புதுப்பிக்கணும். ஒரு பந்துக்காக ஏன் வம்பு? அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொல்லிடுங்க."

"விதியில இல்லாததை நான் எப்படி சார் சொல்றது?"

"விதியை எழுதினது நீங்கதானே!"

"ஆமா சார். அதனாலதான் சொல்ல முடியல" என்று சொல்லிவிட்டு மேடம் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தும் உஷ் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

மறுநாள் மதியம், கேப்டன் படிவத்தில் கையெழுத்துப் போட லைப்ரரிக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. விதிப் புத்தகத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அந்த மனுவை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும். ‘கண்ணியம்’னு அவ்ளோ அழகா குமரேசனுக்கு எழுத வராது." விதிப் புத்தகத்தை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உனக்கு ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. விதி நாலு எழுதும்போது பொண்ணுங்களைப் பத்தி நான் நெனைக்கவே இல்லடா. பொண்ணுங்களும் ஆடட்டும்னு எழுதலை. ஆடக் கூடாதுன்னும் எழுதலை. மறந்தே பூட்டேன். இருவது வருஷமா அதுங்களுக்குத்தான் நெறைய புஸ்தகம் எடுத்துக் குடுத்துனு கீறேன், மறந்துட்டேன் பாரு. அந்தப் பொண்ணு கார்டை நீட்டினப்பதான் சுருக்குன்னுது."

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னொரு தடவை மறக்கறதா இல்ல. நாளைக்கு நல்லா ஆடு" என்றார்.

இறுதி ஆட்டத்தன்று தாளாளரே காரில் வந்துவிட்டார். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஹால் முழுக்கக் கப்சிப் என்று இருந்ததைப் பார்த்து ஏதோ இரங்கல் கூட்டம் என்று நினைத்திருப்பார். மேடம் மணியைத் தட்டி ஆட்டத்தை நிறுத்திவைத்து வாசலுக்குப் போனார். "சார், செருப்பு வெளியில. இதுல ஒரு கையெழுத்து" என்று வருகைப் பதிவேட்டை நீட்டினார். வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டே பழகிய மனிதர். படிக்காமல் போட்டார். போட்டுவிட்டு, "மேட்ச்சை நிறுத்துங்க" என்றார்.

மேடம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தின் உச்சியில் டைப் அடித்து ஒட்டியிருந்தது: ‘முப்பத்தேழு விதிகளையும் ஏற்று உள்ளே வருகிறேன்.’

"விதி முப்பத்தொண்ணு சார். ஆரம்பிச்ச ஆட்டம் பஸ் வந்தா, கரண்ட் போனா, புயல் வந்தா மட்டும்தான் நிக்கும். இப்ப மூணும் இல்ல." குரல் தெளிவாக இருந்தது. சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

தாளாளர் அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இருநூறு பேரைப் பார்த்தார். "பத்து நிமிஷம் உக்காருவேன்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

முதல் கோல் எங்களுடையது. பந்து தூணில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. ஹிஸ்டரி இரண்டு கோல் திருப்பி அடித்தது. பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. தாளாளர் எழுந்திருக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். யாராவது பந்தை உதைத்தால் அவருடைய வலது காலும் தரையில் இழுபட்டது.

பஸ் வருகிற நேரம். ஹிஸ்டரி பையன் ஒருவன் கோல் அருகே பந்தைக் கையால் தட்டிவிட்டான். ‘டிங்’. எங்களுக்குப் பெனால்டி. கேப்டன் என்பதால் நான் அடிக்க வேண்டும். எதிரே எஸ்தர், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. வலது மூலை என்று முடிவு செய்து ஓடிவந்து அடித்தேன்.

"பிடிம்மா!"

மேலே லைப்ரரி அலமாரிகளே அதிர்ந்திருக்கும். கத்தியது தாளாளர். எஸ்தர் பாய்ந்து பந்தை வெளியே தட்டிவிட்டாள். ‘டிங்’ என்றது மணி. மேடம் எங்கள் பக்கமே வரவில்லை. நேராகத் தாளாளரிடம் போனார், தேதிச் சீட்டைக் கிழித்தார், ‘டொக்’கென்று குத்தினார்.

"விதி பதினொண்ணு சார். சத்தம். வெளியில போயிடுங்க."

தாளாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல்வர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தாளாளர் சீட்டை வாங்கினார். படித்தார். இந்தத் தடவை முழுசாகப் படித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தோம். அதற்குப் பதிலாக ஜன்னல் கம்பிக்கு வெளியே, தூறலில் நனைந்தபடி, தாளாளரின் வெள்ளைச் சட்டை வந்து நின்றது.

"மேடம்," என்று மிக மெல்லிய குரலில் கேட்டார், "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

பஸ் ஹார்ன் அடித்தது. தோற்றுப்போனோம்.

எஸ்தர் வந்து கை கொடுத்தாள். "நல்லாத்தான் அடிச்சே. ஆனா அடிக்கறதுக்கு முன்னாலயே அந்த மூலையப் பாத்துட்ட" என்றாள். அந்த நேரத்தில் எனக்குத் தோற்ற வருத்தத்தைவிட, அந்த மனு கிழிந்து போனால் தேவலை என்ற எண்ணம்தான் இருந்தது.

மேடம் தன் மேஜை டிராயரைக் காலி செய்து பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் பாராட்டு ஒன்றும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆடிட்டோரியம் மின்விசிறிகளுக்குக் கம்பி வலை போட வேண்டும், அடுத்த வருடம் பெண்களுக்கும் டீம்கள் அமைக்க வேண்டும், அவ்வளவுதான். டிராயர் பழையபடி நிரம்பியது. அவருடைய டெம்பரவரி வேலை மட்டும் கடைசிவரை டெம்பரவரியாகவே இருந்தது. விதிகள் முப்பத்தெட்டு ஆயின. புதியது: தாளாளர் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

நான் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியில் ஒரு சொந்த வேலை முடிந்து ஊர் திரும்ப பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உஷ் மேடம். தலை நன்றாக நரைத்திருந்தது. காதில் ஒயர், மடியில் செல்போன். ஏதோ ஒரு தேசத்தில் நடக்கிற கால்பந்து மேட்ச். போஸ்ட்டில் பட்டுப் பந்து வெளியே போனதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். கூப்பிட மனம் வரவில்லை.

அவரே நிமிர்ந்தார். ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. நகர்ந்து இடம் விட்டார். ஒரு காதிலிருந்து ஒயரைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"உக்காரு. ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் இருவது நிமிஷம் கீது."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரே ஒயரில் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தோம். மேட்ச் முடிந்து நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தது. நான் இறங்க வேண்டிய திருப்பாலைவனம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஊர் வந்ததும் எனக்குத் தெரியும், போனதும் தெரியும்; நான்தான் எழுந்திருக்கவில்லை.